அப்பா பிடித்து வைத்த இடம்

2009-ஆம் வருடம் அக்டோபர் மாதக் கடைசி. கடலூர் முதுநகரிலிருந்து கிளம்பி, ஜெர்மனியில் ஒரு சின்னப் பல்கலைக்கழக ஊருக்குக் கணக்கு ஆராய்ச்சி செய்யப் போய்ச் சேர்ந்து எனக்கு ஒரு மாதம்கூட ஆகியிருக்கவில்லை. குளிருக்கு வாங்கிய கோட்டில் விலைச்சீட்டு அப்படியே தொங்கிக்கொண்டிருந்தது. பிடிக்காவிட்டால் திருப்பிக் கொடுத்துவிடலாமே என்கிற நம்மூர்ப் புத்தி, வேறென்ன!

ஒரு வியாழக்கிழமை மத்தியானம் என் அறைத்தோழி வந்து, பெரியவர்களைப் பார்த்துவிட்டு வரலாம், கிளம்பு என்றாள். அவள் கல்கத்தாக்காரி, எனக்கு ஒரு வருடம் சீனியர். யார் வீட்டுக்கு என்று கேட்டேன். வீட்டுக்கு இல்லை, கல்லறைக்கு என்று சிரித்தாள்.

அந்த ஊரில் அது ஒரு வழக்கமாம். கணக்கும் பௌதிகமும் படிக்க வரும் வெளிநாட்டுப் பிள்ளைகள் முதல் பருவத்திலேயே ஊர்க் கல்லறைத் தோட்டத்துக்கு ஒரு நடை போய்விட்டு வருவார்கள். நாம் பாடப் புத்தகத்தில் வெறும் பெயராகப் படித்தவர்களில் பல பேர் அங்கேதான் படுத்திருக்கிறார்கள். ஆளுக்கொரு பென்சில் கொண்டுபோய்த் தனக்குப் பிடித்தவரின் கல்மேல் வைத்துவிட்டு வர வேண்டும். பரீட்சைக்கு முன்னால் நாம் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைப்போமே, அந்த மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு மனசுக்குள் சுருக்கென்றது. பயமெல்லாம் இல்லை. அதுவரை நான் எந்தச் சுடுகாட்டுக்குள்ளும் காலெடுத்து வைத்ததில்லை. என் சொந்த அப்பாவை வைத்த இடத்தையே பார்த்ததில்லை.

அப்பா முதுநகர் துறைமுகத்துப் பக்கம் ஓர் ஐஸ் கம்பெனியில் வேலை பார்த்தார். மீன்பிடிப் படகுகளுக்கு ஐஸ் கட்டி உடைத்து ஏற்றுகிற வேலை. நான் சிதம்பரத்துக்குப் படிக்கப் போய்வந்த வருடங்களில் காலையில் என்னைக் கடலூர் பஸ் ஸ்டாண்டில் கொண்டுபோய் விடுவதும் அவர்தான். சிதம்பரம் பஸ் எங்கள் முதுநகர் வழியாகத்தான் போகும். ஆனால் எங்கள் ஸ்டாப்புக்கு வரும்போதே படிக்கட்டில் ஆள் தொங்கிக்கொண்டிருக்கும். அதனால் அப்பா என்னை டிவிஎஸ் ஃபிஃப்டியில் ஏற்றி, பஸ் புறப்படுகிற இடத்துக்கே எதிர்த்திசையில் கூட்டிக்கொண்டு போவார். பஸ் வளைந்து உள்ளே வரும்போதே கூட ஓடுவார். ஓடிக்கொண்டே தோளில் கிடக்கிற துண்டை ஜன்னல் வழியாக சீட்டில் எறிந்து இடம் பிடித்துவிடுவார். நான் ஏறி உட்கார்ந்து துண்டைத் திருப்பி நீட்ட வேண்டும். அதில் மீன் வாடை வேறு வீசும். எனக்கு மானமே போகும்.

"கூட வர்ற பசங்கல்லாம் கிண்டல் பண்றாங்கப்பா" என்று ஒரு நாள் சொல்லிவிட்டேன்.

"அவ்ளோ தூரம் நின்னுக்கினே போனா அங்க போயி என்னாத்த படிப்ப? கிண்டல் பண்றவன் நின்னுக்கினு வரட்டும், நீ குந்திக்கினு போ" என்றார். பஸ் கிளம்பிக் கண்ணுக்கு மறையும்வரை துண்டைத் தோளில் போடாமல் கையிலேயே வைத்துக்கொண்டு நிற்பார்.

2007-இல் நான் எம்.எஸ்ஸி. முதல் வருடம் படித்துக்கொண்டிருந்தபோது, ஒரு நாள் ஐஸ் கம்பெனியிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் அப்புறம் எழுந்திருக்கவில்லை. காய்ச்சல் என்று ஒரு நாள் படுத்து நான் பார்த்ததில்லை அவரை.

எங்கள் வழக்கத்தில் எரிப்பதில்லை, புதைப்பதுதான். பெண்கள் தெருமுனைவரைதான் போகலாம். என்னை அங்கே டிரான்ஸ்ஃபார்மர் பக்கத்திலேயே நிறுத்திவிட்டார்கள். அம்மாவை அதுவரைகூட விடவில்லை, வீட்டுக்குள்ளேயே பிடித்து உட்காரவைத்துவிட்டார்கள். மறுநாள் பால் ஊற்றப் போனவர்களும் ஆண்கள்தான். நானும் வருகிறேன் என்று அழுதேன். "வயசுப் பொண்ணு அங்கல்லாம் வரக்கூடாது பாப்பா" என்று என் தலையைத் தடவிவிட்டுச் சித்தப்பா, அதாவது அப்பாவின் தம்பி, சொம்பைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். அப்பாவுக்கு நான் ஒரே பிள்ளை. அவரை எங்கே வைத்தார்கள் என்றால் உப்பனாற்றுப் பக்கம் என்பதற்குமேல் எனக்கு ஒன்றும் தெரியாது. அதற்கப்புறம் சிதம்பரம் பஸ்ஸில் போகும்போதெல்லாம் அந்தப் பக்கமாகவே பார்த்துக்கொண்டு போவேன். தூரத்தில் மரங்கள் தெரியும். அதில் எந்த மரத்தடியோ என்று நினைத்துக்கொள்வேன். அப்போது பெரும்பாலும் நின்றுகொண்டுதான் போனேன்.

ஆக, இப்படிப்பட்ட நான் அன்றைக்கு அந்தத் தோட்டத்து வாசலில் போய் நின்றேன்.

வாசலில் ஒரு பலகை. அதில் தோட்டத்தின் படம் வரைந்து, யார் யார் எங்கே இருக்கிறார்கள் என்று எண் போட்டுக் குறித்திருந்தார்கள். எனக்கு அதைத் தாண்டிப் போகவே கால் வரவில்லை. செத்து எத்தனையோ வருடம் ஆனவர்கள். எந்த தேசத்திலிருந்து யார் வந்தாலும் எண்ணைப் பார்த்து நேராகப் போய் நிற்கலாம். சொந்த மகள் இரண்டே வருடத்தில் அப்பாவிடம் போய் நிற்க முடியவில்லை. அந்தப் பலகையைப் பார்த்து எனக்குப் பொறாமையாக இருந்தது, சிரிக்காதீர்கள்.

தோழி படம் எடுத்துக்கொண்டே முன்னால் போய்விட்டாள். நான் ஒரு காரியம் செய்தேன். ஷூவையும் சாக்ஸையும் கழற்றி வாசல் ஓரமாக வைத்துவிட்டு வெறுங்காலோடு உள்ளே நடந்தேன். பரங்கிப்பேட்டை தர்காவுக்குப் போனால் அப்படித்தானே செய்வோம்! பெரியவர்கள் அடங்கிய இடத்தில் செருப்போடு போகலாம் என்று எனக்குத் தோன்றவேயில்லை. அங்கே பாதை முழுக்க ஈர இலை. கொஞ்ச தூரத்திலேயே குளிர் எலும்புக்குள் போய்விட்டது. பல்லைக் கடித்துக்கொண்டு நடந்தேன்.

எம்.எஸ்ஸி.யில் என் உயிரை வாங்கிய ஒரு தேற்றத்தின் சொந்தக்காரர் அங்கே சாதுவாகப் படுத்திருந்தார். இன்னொரு வரிசையில் ஒரு பௌதிக மேதை. அவர் பெயரோடு அவர் கண்டுபிடித்த சூத்திரத்தையே கல்லில் செதுக்கிவிட்டிருந்தார்கள். கல்மேல் மழையில் நனைந்த பென்சில்கள். நானும் என் பென்சிலைத் தேற்றக்காரருக்கு வைத்தேன். ஐயா, இனிமேலாவது படுத்தாதீர்கள் என்று ஒரு கும்பிடும் போட்டேன்.

பக்கத்தில் யாரோ பேசிக்கொண்டிருந்த சத்தம் கேட்டுத் திரும்பினேன். எழுபது வயதிருக்கும் ஓர் அம்மா, பூவாளியும் கையுமாக ஒரு சின்னக் கல் முன்னால் குனிந்து களை பிடுங்கிக்கொண்டிருந்தார். பக்கத்தில் ஆள் யாரும் இல்லை. அவர் கல்லோடுதான் பேசிக்கொண்டிருந்தார். சோகமாகக்கூட இல்லை, ஏதோ குறை சொல்கிற மாதிரி மூச்சுவிடாமல் பேசினார். நான் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தபோது நிமிர்ந்தார். என் காலைப் பார்த்தார். அவ்வளவுதான், ஒரு சத்தம் போட்டார் பாருங்கள்! நான் ஏதோ தெய்வக் குற்றம் செய்துவிட்டேன் என்று நடுங்கிப்போனேன். அவர் விறுவிறுவென்று வாசலுக்கே நடந்துபோய் என் ஷூவைக் கையில் தூக்கிக்கொண்டு வந்தார்.

என்னை அங்கிருந்த பெஞ்சில் உட்காரவைத்துத் தன் கழுத்திலிருந்த கம்பளித் துணியை உருவி என் காலைத் துடைத்துவிட்டார். வயதில் பெரியவர் நம் காலைத் தொடுவதா! பதறிப்போய் இழுத்துக்கொண்டேன். அவர் விடவில்லை. விரல் விரலாகத் துடைத்து, சாக்ஸை மாட்டிவிட்டு, அப்புறம்தான் நிமிர்ந்து யார் நீ என்று கேட்டார்.

தோழி ஓடிவந்து இரண்டு பக்கத்துக்கும் மொழிபெயர்த்தாள். அந்தக் கல்லில் இருப்பது அந்த அம்மாவின் வீட்டுக்காரர். மேதை ஒன்றுமில்லை, பள்ளிக்கூடங்களுக்கு மேஜை நாற்காலி செய்தவர். வியாழக்கிழமைதோறும் அந்த அம்மா வந்து செடிக்குத் தண்ணீர் ஊற்றி, அந்த வாரத்துக் கதையைச் சொல்லிவிட்டுப் போவாராம். மேல்வீட்டுக்காரன் மறுபடியும் சைக்கிளை மாடிப்படியில் நிறுத்திவிட்டானாம். அதைத்தான் அன்றைக்கு மூச்சுவிடாமல் சொல்லிக்கொண்டிருந்தார்.

பேச்சோடு பேச்சாக, "நீ இங்கே வந்துவிட்டாயே, உங்கள் ஊரில் உன் மனிதர்களுக்கு யார் தண்ணீர் ஊற்றுகிறார்கள்?" என்று கேட்டார்.

தோழி அதை மொழிபெயர்த்தாள். எனக்குத் தெரிந்த நாலு ஜெர்மன் வார்த்தையை வைத்து நானே சொன்னேன். அப்பா. இறந்துவிட்டார். எங்கே, தெரியாது.

அந்த அம்மா என்னவென்று எடுத்துக்கொண்டாரோ. யுத்தத்தில் காணாமல் போய்விட்டார் என்றுகூட நினைத்திருக்கலாம். மேற்கொண்டு ஒரு கேள்வி கேட்கவில்லை. பூவாளியை எடுத்து என் கையில் கொடுத்து, ஊற்று என்று கல்லைக் காட்டினார். யாரென்றே தெரியாத ஒரு தச்சருக்கு, கடல் தாண்டி வந்து நான் தண்ணீர் ஊற்றினேன். ஊற்ற ஊற்ற அழுகை வந்தது. தெருமுனை டிரான்ஸ்ஃபார்மர் அடியில் அழ முடியாத அழுகை அத்தனையும் அங்கே அழுதேன். அந்த அம்மா என் முதுகைத் தட்டிக்கொண்டே நின்றார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அம்மாவுக்குப் போன் செய்தபோது வாய் சும்மா இருக்காமல் கல்லறைக்குப் போனதையும் அந்த அம்மா கல்லோடு பேசியதையும் சொல்லிவிட்டேன்.

"கல்லறைக்கா? யாருடி பூட்டாங்க?" என்று அலறினாள் அம்மா.

"யாரும் இல்லம்மா. அந்தக் காலத்துல கணக்கு கண்டுபுடிச்சவரு."

"அவுரு நமக்கு ஒறவா, மொறையா? கல்யாணம் ஆவாத பொண்ணு, போவற எடமா அது? சரி, வந்து தலைக்கு ஊத்திக்கினியா இல்லியா?"

ஊற்றிக்கொள்ளவில்லை என்று சொன்னதுதான் தாமதம், போனை வைக்கவே விடவில்லை. இப்போதே போய்க் குளி, உடுத்தியிருந்த துணியை நனை, அப்புறம் பேசு என்று விட்டாள். மூன்று நாள் ஆகிவிட்டதே என்றால் கேட்கவில்லை. அந்தக் குளிரில் தலைக்குக் குளித்துவிட்டு ஈரத்தலையோடு நான் நடுங்கியதைப் பார்த்துத் தோழிக்குச் சிரிப்புத் தாங்கவில்லை.

ஆனால் அடுத்த ஞாயிற்றுக்கிழமை போனை எடுத்ததும் அம்மா கேட்ட முதல் கேள்வி, "அந்த வெள்ளைக்காரம்மா இந்த வாரமும் வந்தாங்களா?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. தெரியாதும்மா என்றேன். அதற்கப்புறம் நானும் சமயம் கிடைத்த வியாழக்கிழமைகளில் அங்கே போக ஆரம்பித்தேன். அந்த அம்மா களை பிடுங்குவார், நான் தண்ணீர் பிடித்துவந்து கொடுப்பேன். என் ஜெர்மனும் அங்கேதான் தேறியது. ஒவ்வொரு முறையும் அறைக்கு வந்து தலைக்கு ஊற்றிக்கொள்வேன், ஏனென்றால் ஞாயிற்றுக்கிழமை அம்மா தவறாமல் அதைக் கேட்பாள். கேட்டுவிட்டு மெதுவாக அந்த அம்மா கதைக்கு வருவாள். இந்த வாரம் என்ன பேசினாங்க? சைக்கிள்காரன் திருந்தினானா? பூ ஏதாவது வெச்சாங்களா?

ஒருமுறை, "பொம்பளைங்க தனியா போனா யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்களாடி அங்க?" என்று கேட்டாள்.

"யாரும் சொல்ல மாட்டாங்கம்மா. ஜாஸ்தி வர்றதே பொம்பளைங்கதான்."

அம்மா உடனே அடுப்பில் ஏதோ கருகுகிறது என்று சொல்லி வைத்துவிட்டாள். கணக்கில் ஆராய்ச்சி செய்கிற மண்டைக்கு அப்போதும் ஒன்றும் உறைக்கவில்லை. அம்மா வெள்ளைக்காரக் கதை கேட்கிறாள் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

2011 டிசம்பர் கடைசியில் 'தானே' என்ற புயல் கடலூரைப் புரட்டிப் போட்டது. எங்கள் வீட்டு ஓடு பாதி பறந்துவிட்டது. அம்மாவோடு பேச முடியாமல் நான் அங்கே பட்ட பாட்டைத் தனியாகத்தான் எழுத வேண்டும். பிப்ரவரியில் லீவு கிடைத்து ஓடிவந்தேன். பஸ் கடலூருக்குள் நுழையும்போது வானம் எப்போதையும்விடப் பெரிதாகத் தெரிந்தது. அப்புறம்தான் புரிந்தது, மரங்களே இல்லை.

வந்த மறுநாள் அம்மா வாசற்படியில் உட்கார்ந்து மத்தி மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள். தலையை நிமிர்த்தாமலே, "அந்தம்மா மாதிரி நானும் ஒரு தடவ போயி உங்கப்பாவப் பாக்கணும்டி" என்றாள்.

நான் அப்படியே பக்கத்தில் உட்கார்ந்துவிட்டேன். அதே விஷயத்தை அம்மாவிடம் எப்படிக் கேட்பது என்று விமானத்தில் வரும்போதெல்லாம் நான் யோசித்துக்கொண்டு வந்திருந்தேன்.

"நீயா கூப்புடுவேன்னு பாத்துக்கினே இருந்தேன். நீ ஊரான் ஊட்டுக் கல்லறைக்கெல்லாம் போற, என்னைக் கூப்புடல. அதான் நானே கேட்டுட்டேன்" என்றாள். அம்மா கண்ணில் தண்ணீர், கை மட்டும் மீனை விடவில்லை.

சித்தப்பாவிடம் போனோம். அவர் வீடு அடுத்த தெருவில். சொன்னதும் முகம் மாறிவிட்டது.

"அங்கல்லாம் பொம்பளைங்க வரக்கூடாது அண்ணி. ஊரு என்னா சொல்லும்?"

"ஊரு சொல்றதக் கேட்டுக்கினுதான் அஞ்சு வருசமா ஊட்டுலயே கெடந்தேன். ஊரு ஒரு நாளு வந்து எங்கூட குந்திக்கினு பேசிச்சா? நீ வழி மட்டும் காட்டு, போதும்."

"இப்ப வாணாம் அண்ணி. பொறவு பாக்கலாம்."

"பொறவுன்னா எப்ப? என்னைத் தூக்கிக்கினு போவும்போதா?"

சித்தப்பா சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போகப் பார்த்தார். எனக்கு ஆத்திரம் தலைக்கேறிவிட்டது. அப்பாவுக்கு மண் தள்ளும் உரிமை உங்களுக்கு இருக்கிறது, எட்டி நின்று பார்க்கும் உரிமைகூட எங்களுக்குக் கிடையாதா என்று கத்திவிட்டேன். வாழ்க்கையில் முதல் தடவை அவரிடம் குரலை உயர்த்தினேன். சித்தி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

சித்தப்பா வாசலிலேயே நின்றார். திரும்பியபோது அழுதுகொண்டிருந்தார்.

"எங்கன்னு எனக்கே தெரியல பாப்பா" என்றார். "பெரிய புங்க மரம் ஒண்ணு இருந்திச்சி. அதுக்குக் கீழதான் உங்கப்பாவ வெச்சோம். அந்த மரந்தான் எனக்கு அடையாளம். மாசத்துக்கு ஒரு தடவையாவது போயி நின்னுட்டு வருவேன். பொயலு அடிச்ச மறுநாளு மொதல்ல அங்கதான் ஓடனேன். ஒரு மரம் நிக்கல, ஒண்ணு மேல ஒண்ணு கெடந்திச்சி, உள்ளார போவ முடியல. பொறவு நான் போறதுக்குள்ள எல்லாத்தயும் அறுத்து எடுத்துக்கினு போயி, வேரு இருந்த குழியெல்லாம் தூத்துட்டாங்க. அண்ணன உட்டுட்டேன் அண்ணி. உங்ககிட்ட எந்த மூஞ்ச வெச்சிக்கினு சொல்லுவேன்?"

நான் கத்தியதெல்லாம் என் மேலேயே திரும்பி விழுந்த மாதிரி இருந்தது. ஊருக்குப் பயந்து அவர் மறுக்கவில்லை. தொலைத்துவிட்டோமே என்கிற வெட்கத்தில் மறுத்திருக்கிறார். அம்மாதான் முதலில் தேறினாள். சித்தப்பா கையைப் பிடித்து, "நீ என்னாப்பா பண்ணுவ? பொயலு பண்ண வேலைக்கு. வா, போயி பாக்கலாம்" என்றாள். அண்ணி கொழுந்தன் கையைப் பிடித்து அன்றைக்குத்தான் பார்த்தேன்.

மறுநாள் காலை மூன்று பேரும் போனோம். அம்மா ஒரு பிளாஸ்டிக் குடத்தில் தண்ணீரும் கொஞ்சம் சாமந்திப் பூவும் எடுத்துக்கொண்டாள். அந்தத் தெருமுனை டிரான்ஸ்ஃபார்மரைத் தாண்டும்போது எனக்கு உடம்பு சிலிர்த்தது. எதிரே வந்த இரண்டு பேர் நின்று பார்த்தார்கள். அம்மா அவர்களை ஏறெடுத்தும் பார்க்கவில்லை, குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டு நடந்தாள்.

அங்கே போனால் வெறும் திடல். ஒரு தகரக் கொட்டகையும் தூரத்தில் ஆறும்தான் தெரிந்தது. சித்தப்பா இங்கேதான் என்றார். நாலடி நடந்துவிட்டு, இல்லை, அந்தாண்ட என்றார். திருவிழாவில் கையை விட்ட பிள்ளை மாதிரி சுற்றிச் சுற்றி வந்தார். நான் என் படிப்பையெல்லாம் கூட்டி உதவிக்குப் போனேன். மண் தள்ளும்போது ஆறு உங்களுக்கு எந்தக் கைப்பக்கம் இருந்தது, கொட்டகை முன்னாலா பின்னாலா, வெயில் முகத்தில் அடித்ததா முதுகிலா? ஒரு புள்ளியைக் கண்டுபிடிக்க இரண்டு கோடாவது வேண்டும். சித்தப்பாவிடம் ஒன்றுகூட இல்லை. கேட்கக் கேட்க அவருக்கு இன்னும் குழம்பியது. எனக்கும் அழுகை முட்டியது. இவ்வளவு தூரம் வந்தும் அப்பா கிடைக்கவில்லை.

அப்போது அம்மா சிரித்தாள். ஆமாம், சிரித்தாள்.

"பஸ்ஸு கூட ஓடி, துண்டு போட்டு ஊருக்கே எடம் புடிச்சிக் குடுப்பாரு. தன் எடத்த மட்டும் ஒருத்தருக்கும் தெரியாம வெச்சிக்கினாரு பாரு மனுஷன்!"

சித்தப்பா அழுதுகொண்டே சிரித்துவிட்டார். நானும்தான்.

அம்மா குடத்தை இறக்கினாள். காலையில் வாசல் தெளிப்பாளே, அதே மாதிரி கையால் அள்ளி அள்ளி, நடந்துகொண்டே அந்த இடம் முழுக்கத் தெளித்தாள். சித்தப்பா காட்டிய முதல் இடம், இரண்டாவது இடம், நடுவில் இருந்த மண், எதையும் விடவில்லை. "இதுக்குள்ளதான எங்கியோ இருக்காரு. பக்கத்துல இருக்கறவங்களும் குடிச்சிட்டுப் போவட்டும்" என்றாள். பூவையும் அப்படியே உதிர்த்துத் தூவினாள். அப்புறம் தரையிலேயே உட்கார்ந்து பேச ஆரம்பித்தாள்.

எனக்கு என் காதையே நம்ப முடியவில்லை. ஒப்பாரியாக இருக்கும் என்று நினைத்தேன். இல்லை. ஓடு பறந்த கதை, புது ஓடு சரியாக உட்காராமல் ஒழுகுகிற கதை, டிவிஎஸ் ஃபிஃப்டியைச் சித்தப்பா ஓட்டுகிற லட்சணம், ஐஸ் கம்பெனியில் புதிதாக வந்தவனுக்குக் கட்டியை ஒழுங்காக உடைக்கத் தெரியவில்லை என்று யாரோ சொன்னது, எல்லாம் சொன்னாள். "உம் பொண்ணு வெள்ளைக்கார ஊருல செருப்பில்லாம நடந்து அந்தம்மாகிட்ட திட்டு வாங்கிக்கினா. எல்லாம் உன்ன மாதிரியேதான்" என்று என்னையும் போட்டுக்கொடுத்தாள். அந்த ஜெர்மன்கார அம்மா பேசுவதை நான் இரண்டு வருடம் போனில் சொல்லியிருக்கிறேன். அம்மா அதைக் கதையாகக் கேட்கவில்லை, பழகிக்கொண்டிருந்திருக்கிறாள்.

கிளம்பும்போது என் பையைத் துழாவினேன். ஒரு பென்சில் கிடைத்தது. அதை மண்ணில் செருகினேன்.

"என்னாடி அது?"

"அங்க பெரிய பெரிய ஆளுங்களுக்கு இதத்தான் வெப்பாங்கம்மா."

"இவுரு மூணாங்கிளாசே தாண்டல. சரி வெய்யி, குந்திக்கினு கையெழுத்துப் பழகட்டும்" என்றாள் அம்மா.

வீடு திரும்பியபோது சித்தி எங்கள் வாசலில் காத்துக்கொண்டிருந்தாள். பாவம், எங்களுக்காகப் பின்பக்கம் வெந்நீர் போட்டு வைத்திருந்தாள். "அக்கா, அக்கா, இந்தப் பக்கமா வந்துராதீங்க. சந்து வழியா பின்னாடி வாங்க, தண்ணி ரெடியா இருக்கு" என்று குறுக்கே வந்தாள்.

"எதுக்கு?" என்று கேட்டாள் அம்மா.

"சுடுகாட்டுக்குப் போயிட்டு வந்துருக்கீங்க, தலைக்கு ஊத்திக்கினுதான உள்ள வரணும்?"

அம்மா குடத்தை வாசலில் இறக்கி வைத்தாள். குளிரில் என்னைத் தலைக்கு ஊற்றவைத்த அதே அம்மா.

"எம் புருஷனப் பாத்துட்டு வந்துருக்கேன். அதுக்கு எதுக்குடி தலைக்கு ஊத்தணும்?"

சொல்லிவிட்டு, காலில் ஒட்டிய அந்த மண்ணோடு முன்வாசல் வழியாகவே உள்ளே போய்விட்டாள். நேராக அடுப்பைப் பற்றவைத்து டீ போட்டாள். சித்தி என்னைப் பார்த்தாள், நான் சித்தியைப் பார்த்தேன். அப்புறம் நானும் அம்மா பின்னாலேயே முன்வாசல் வழியாக உள்ளே போனேன்.

நான் திரும்பி ஜெர்மனிக்குக் கிளம்பும்போது அம்மா ஒன்றே ஒன்றுதான் சொல்லியனுப்பினாள். "அந்தம்மாகிட்ட சொல்லு, நானும் போயிட்டு வந்தேன்னு." போன முதல் வியாழக்கிழமையே ஓடிப்போய்ச் சொன்னேன். அந்த அம்மா என் கன்னத்தைத் தட்டிவிட்டு, கல் பக்கம் திரும்பி, தன் வீட்டுக்காரரிடம் அதை அப்படியே சொல்ல ஆரம்பித்தார்.

இப்போதும் ஊருக்குப் போன் செய்து நல்ல சேதி எதையாவது சொன்னால், "இரு, உங்கப்பாகிட்ட போயி சொல்லிட்டு வரேன்" என்று அம்மா பாதியிலேயே வைத்துவிடுவாள். எந்த இடம் என்று தெரியாவிட்டாலும் அப்பா எனக்கு மறுபடி கிடைத்துவிட்டார் என்று அப்போதெல்லாம் எனக்குத் தோன்றும்.